பல்லாரோவில் மூன்று சிங்கங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து நான் மூன்று சிங்கங்களை வீட்டுக்குக் கொண்டுவந்த மாலையில், அப்பா ஊற்றிவைத்த தேநீரைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். மஞ்சள் துணியில் ஒன்றின் கீழ் ஒன்றாக நடந்துபோகும் கறுப்புச் சிங்கங்கள். ஒருகாலத்தில் ஜெர்மனிப் பக்கமிருந்து வந்து சிசிலியை ஆண்ட அரச குடும்பத்தின் கொடி அது. எங்கள் ஊரான பலேர்மோவை ஆண்ட வம்சங்களின் கொடிகளோடு எங்கள் பள்ளி ஊர்வலம் போகவிருந்தது. வகுப்புக்கு ஒரு வம்சம். வகுப்பில் நெட்டையாக வளர்ந்திருந்த ஒரே காரணத்துக்காகக் கொடிபிடிக்கும் பெருமை எனக்குக் கிடைத்திருந்தது. ஓரம் அடித்துத் தருவதற்காகத்தான் அதை அம்மாவிடம் கொண்டுவந்தேன்.

“உந்தக் கொடியைச் சுருட்டி வை. தம்பி வரப்போறான்,” என்றார் அப்பா.

“இது இந்த ஊர் ராசாவின்ரை சிங்கமப்பா,” என்றார் அம்மா. “இலங்கைக் கொடியிலை வாள் பிடிக்கிற சிங்கமில்லை.”

“எனக்கு விளங்குது. அவனுக்கு விளங்குமோ?”

தம்பி என்றது என் சித்தப்பாவை. வன்னியில் போர் முடிந்தபின் முகாமிலும் வேறெங்கெங்கோவும் இருந்துவிட்டு, அந்த வருடம்தான் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். பல்லாரோ சந்தையில் ஒரு மீன்கடையில் வேலை. பெரியவர்களோடு அதிகம் கதைக்கமாட்டார். எனக்கு மட்டும் இறால் மீசையை மூக்கின் கீழ் வைத்துக் காட்டிச் சிரிக்கவைப்பார். அப்படிப்பட்ட மனிதருக்குத் துணிச் சிங்கத்தைக் கண்டு என்ன வந்துவிடப் போகிறது? கொடி கட்டிலுக்கு அடியில் போனபோது எனக்கு அப்பாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர் அப்பா. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பொலிதேயாமாப் பக்கம் ஒரு இத்தாலியச் சீமாட்டியின் வீட்டைத் துப்புரவாக்கும் வேலை அவருக்கு. அவருடைய இத்தாலியன் ஜன்னல், தரை, இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றோடு முடிந்துவிடும். அதில் ஒரு போரை எப்படிச் சொல்வது? “லெயோனே நோ, சிஞோரா, லெயோனே நோ,” என்று, சிங்கம் வேண்டாம் அம்மா என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான்தான் சிங்கத்துக்குப் பயப்படுகிறேன் என்று ஆசிரியை நினைத்துக்கொண்டு, அது கடிக்காது கண்ணே என்று என் தலையைத் தடவினார். வகுப்பே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

அன்றிரவு அப்பா இறங்கிவந்தார். “பிள்ளை போகட்டும். தம்பியை நான் பாத்துக்கொள்ளுறன்,” என்று அம்மாவிடம் சொன்னார். பார்த்துக்கொண்ட விதம் இதுதான்: ஊர்வலம் சந்தை வழியாகப் போகும் நேரத்தில் சித்தப்பா அங்கே இருக்கக்கூடாது என்று, நாப்போலிக் கப்பலில் வரும் ஒரு சாமான் பெட்டியை எடுக்க அவரைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார்.

கணக்கு சரிதான், ஊர்தான் பலேர்மோ. காலையில் புறப்படவேண்டிய ஊர்வலம், மேளக்காரர்கள் வந்து சேராமல் மதியம்வரை நின்ற இடத்திலேயே நின்றது. அப்பா தெருவோரமாக என்னோடு நடந்தார். ஒருதடவைகூட என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சந்தாக எட்டிப் பார்த்தார். நான் கொடியை எவ்வளவு நிமிர்த்திப் பிடித்திருக்கிறேன் என்று பார்க்கக்கூட அவருக்கு மனமில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

பல்லாரோவுக்குள் திரும்பியதும் முதலில் கண்டது சித்தப்பாவைத்தான். பெட்டியை வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தார். குனிந்து மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா!” என்று நான் கத்தினேன்.

நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, எனக்கு மேலே பார்த்தார். மேளம் தெருவை அதிரவைத்தது. கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு மெல்ல நடந்து தெருவின் நடுவுக்கு வந்தார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்குமேலே உயர்த்தி, விரல்களை விரித்தபடி அசையாமல் நின்றார். அவர் கைகளில் மீன்செதில் மினுங்கியது.

சந்தைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “விவா இல் ரே!” என்று ராசாவுக்கு வாழ்த்துச் சொல்லி, அவரைப்போலவே தாங்களும் கைகளைத் தூக்கினார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. இத்தனை சனத்தில் என் கொடிக்கு மரியாதை செய்யத் தெரிந்தவர் என் சித்தப்பா ஒருவர்தானே! நானும் ஒரு கையை உயர்த்தி ஆட்டினேன்.

அப்பா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினார். அந்தக் கைகளை இறக்கப் பார்த்தார், இறங்கவில்லை. சித்தப்பாவை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னார்: “இது பலேர்மோடா தம்பி. பிள்ளைதான் வாறாள். எங்கடை பிள்ளையடா.” அதன்பிறகுதான் அந்தக் கைகள் இறங்கின.

வன்னியில் கடைசி நாளன்று, கைகளை உயர்த்திக்கொண்டு சிங்கக்கொடி பறந்த பக்கம் சரணடைய நடந்துபோன சனத்தில் சித்தப்பாவும் ஒருவர் என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்காக உயர்ந்த கைகளை ஊர் பார்க்க இறக்கவைத்துவிட்டார் என்று, அந்தக் கிழமை முழுவதும் நான் அப்பாவோடு கதைக்கவில்லை.