சீஸுக்குள் ஒரு கரித்துண்டு

இரண்டு மாதத்துக்கு முன், புதூர் ரோட்டில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தபோது என் மகளின் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தது. வலது கை முறிந்தது. கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகியும், தெருவில் யாராவது சடாரென்று பிரேக் போட்டால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அவளுக்கோ சாப்பாடே இறங்கவில்லை. தட்டைப் பார்த்ததும் "பசிக்கலப்பா" என்பாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவளாகவே கேட்டாள்.

"ஹாஸ்டல் பக்கத்துக் கடையில சிக்கன் பாஸ்தா குடுப்பாவ. மேல சீஸ் போட்டு ஓவன்ல வச்சு எடுத்தது. அது கிடைச்சா சாப்பிடுவேன்."

நானே செய்வதாகச் சொல்லிவிட்டேன். செல்போனில் பார்த்தபோது சுலபமாகத்தான் இருந்தது. பாஸ்தாவை அரைவேக்காட்டில் வடித்து, மிளகு போட்டு வதக்கிய கோழியோடு கலந்து, வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் விட்டுக் காய்ச்சி ஊற்றினேன். மேலே துருவிய சீஸ். என் மனைவி ஒரு பாஸ்தாக் குழாயை விரலில் மாட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கல்யாண வீட்டுக் குழாய் அப்பளத்த எண்ணெயில போடாம தண்ணியில போட்டிருக்கீய."

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. தெருமுனை பேக்கரிக்காரர், சாயங்காலம் பப்ஸ் எடுத்ததும் அந்தச் சூட்டிலேயே வைத்துத் தருவதாகச் சொன்னார். கறியோடு தெருவில் போனால் காத்துக்கருப்பு பின்னால் வரும் என்று மேலே ஒரு கரித்துண்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். படித்தவன்தான், முன்பெல்லாம் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்று நேரே இஸ்திரி வண்டிக்காரரிடம் போய் ஒரு கரித்துண்டு வாங்கினேன். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, தட்டை மூடியிருந்த அலுமினியத் தாளுக்கு அடியில், ஒரு மூலையில் செருகினேன். பேக்கரிக்குள் நுழையும் முன் எடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"வெரசா குடுங்க அண்ணாச்சி, சூடு இறங்குது" என்று பேக்கரிக்காரர் வாசலிலேயே தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

வெந்து வந்ததும், தாளைப் பிரித்தே வைத்ததாகச் சொன்னார். "மேல செவக்கணும்லா? அந்தக் கருப்பா ஒண்ணு இருந்துச்சே, அத அப்படியே விட்டுட்டேன். ரெசிப்பில உள்ளதாக்கும்னு நினைச்சேன்."

சீஸ் பொன்னிறமாக முறுகி, கரித்துண்டைச் சுற்றிப் பாத்தி கட்டியிருந்தது. தோண்டி எடுத்தால் பள்ளம் விழும். அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மகள் குனிந்து பார்த்தாள்.

"என்னத்தப்பா போட்டிருக்கீய?"

மறைக்கத் தெரியாமல் உள்ளதைச் சொன்னேன்.

"பேய்க்குப் பயந்து கரியையும் பேக் பண்ணிட்டீயளா?" என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அம்மா, இங்கன வந்து பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினாள். மனைவியும் சேர்ந்துகொண்டாள். இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

கரியைச் சுற்றி ஒரு வாய் அளவு வெட்டி ஒதுக்கிவிட்டு, கட்டுப் பிரித்த வலது கையில் அவளே ஸ்பூனைப் பிடித்தாள். ஊட்டிவிடப் போன அம்மாவின் கையை விலக்கினாள். முதல் வாய். இரண்டாவது வாய். மூன்றாவது. பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஓரத்தில் முறுகிய சீஸைச் சுரண்டத் தொடங்கினாள்.

"நல்லாருக்கா, ஏட்டி?" என்றாள் மனைவி.

"ம். நீங்க ரெண்டு பேரும் தோசை சுட்டுக்கிடுங்க" என்றாள், தலை நிமிராமல்.