பெயர் நின்ற வரிசை

அரசாங்க ஆஸ்பத்திரியில் எந்தக் கதவுக்குப் பிறகு எந்தக் கதவு என்பது எனக்கு மனப்பாடம். அங்கே நிர்வாக வேலையிலிருந்து இளைப்பாறியவன் நான்; வேறொன்றுக்கும் உதவாத அறிவு. அதை நம்பித்தான் என் மருமகள், அக்காவின் மகள், என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் கணித ஆசிரியை. வாகனமே இல்லாத வீதியையும் மஞ்சள் கடவையில்தான் கடப்பாள்.

காரியம் அவளுடைய பிள்ளைக்கு. பிறப்புப் பதிவில் மகன். ஒரு வருடமாக வீட்டில் மகள். பதினாறு வயது. மீசை அரும்பத் தொடங்கியதிலிருந்து கண்ணாடி பார்ப்பதில்லை, சரியாகச் சாப்பிடுவதுமில்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் வெளிநோயாளர் பிரிவில் துண்டுச் சீட்டு எடுத்து, அங்குள்ள டொக்டரிடம் கடிதம் வாங்க வேண்டும். துண்டுக்கு இரண்டு வரிசைகள்: ஆண்கள், பெண்கள். போன மாதம் ஆண்கள் வரிசையைக் காட்டியதும் மகள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

இந்த முறையும் வாசலிலேயே சொன்னாள்: "அந்த லைனிலை நிக்கமாட்டன், அம்மா. நிக்கச் சொன்னா இப்பவே போறன்."

நான் மனதுக்குள் சுற்றறிக்கைகளைப் புரட்டினேன். மருமகளோ மகளைச் சுவரோர வாங்கில் இருத்திவிட்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

முன்னால் நின்ற முதியவர் திரும்பினார். "பிள்ளை, இது ஆம்பிளையளின்ரை லைன். எங்களுக்கே இடம் காணாது."

"தெரியும் ஐயா. நான் நிக்கேல்லை. என்ரை பிள்ளையின்ரை பேர் நிக்குது. நான் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்."

"அப்ப விழாமல் பிடியுங்கோ."

வரிசை சிரித்தது. ஒருவரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

துண்டு கொடுக்கும் யன்னலில் இருந்தவர், மருமகள் எழுதி நீட்டிய பெயரைப் பார்த்தார். "ஆள் எங்கை?"

மருமகள் வாங்கைக் காட்டினாள். பாவாடை சட்டையில் இருந்த மகளைப் பார்த்தார். திரும்பப் பெயரைப் பார்த்தார். மகள் எழுந்து வாசல் பக்கம் திரும்பிவிட்டாள். நோயாளி தானே வரிசையில் நிற்காவிட்டால் துண்டில்லை என்று சொல்ல அவருக்கு விதி இருந்தது. அதன் இலக்கம்கூட எனக்குத் தெரியும்.

"வயசு?" என்றார் அவர்.

அரச சேவையில் இதைவிட நாகரிகமான கேள்வி என் காதில் விழுந்ததில்லை.

துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு டொக்டரிடம் மகள் தனியாகவே போனாள். கடிதத்தோடு வெளியே வந்தாள்.

"டொக்டர் என்ன கேட்டவா?" என்றாள் மருமகள்.

"என்னை என்னெண்டு கூப்பிடுறதெண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

மகள் சொன்னாள். எங்கள் இருவருக்கும் அது புதிய பெயர். மருமகள் அதை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சனத்துக்கு நடுவே, சத்தமாக, அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வா, கடிதத்தைக் குடுத்து நாள் எடுப்பம்" என்றாள்.