ஐந்தாம் பக்கத்து வாயிதா

எங்கள் வீட்டில் யாருக்கும் பேப்பரைப் படித்துவிட்டுச் சும்மா மடித்து வைக்கத் தெரியாது. தலைப்பைப் பார்த்ததும், அடுத்து என்ன நடக்கும் என்று குடும்பமே கற்பனையில் கிளம்பிவிடும். தலைப்புக்குக் கீழே இருக்கிற செய்தியை யாரும் முழுதாகப் படித்ததாக எனக்கு நினைவில்லை. முழுதாகப் படித்தால் கற்பனைக்கு வேலை இருக்காதே.

"கேட்டவுடன் தொலைபேசி" என்று ஒரு நாள் வந்தது. அம்மா அன்றைக்கே பழைய பட்டுப்புடவையை வெட்டி, வரப்போகிற தொலைபேசிக்கு உறை தைத்துவிட்டாள், ஓரத்தில் சரிகை வேறு. தொலைபேசி வரவில்லை, உறையை ரேடியோவுக்குப் போட்டோம். "மூசி நதி சுத்தமாகிறது" என்று வந்தபோது, இனி ஆடிப்பெருக்குக்கு அங்கேயே முழுக்குப் போடலாம் என்றாள். அந்தப் பாலத்தில் பஸ் ஏறும்போதே மூக்கைப் பொத்திக்கொள்கிற ஊர் எங்கள் ஹைதராபாத். வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஏதோ ஆய்வுக்கூடம் உடைந்து யார் தலையில் வேண்டுமானாலும் விழலாம் என்று கொட்டை எழுத்தில் போட்ட வாரம், எங்கள் தெருவில் பாதிப் பேர், சாகிறதுதான் சாகிறோம் என்று கோழியடித்துத் தின்றார்கள். அப்பா மட்டும் நிதானமாக என்னிடம் கேட்டார்.

"அது எங்க ஃபேக்டரி மேல வுழுந்தா சர்க்கார் புதுசா கட்டிக் குடுக்குமாடி?"

அது எங்கேயோ கண்காணாத இடத்தில் விழுந்து தொலைந்தது. எங்கள் அதிர்ஷ்டம் அப்படி.

அந்த ஃபேக்டரி உப்பலில் இருந்த ஒரு தனியார் மின்விசிறி ஆலை. அப்பா அங்கே லேத் ஓட்டினார். வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்காகத்தான் ஹைதராபாத்துக்கு வந்தார். சுற்றிலும் சர்க்கார் கம்பெனிகள் சங்கு ஊதி ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் முதலாளி கேட்டில் பூட்டைப் போட்டுவிட்டுப் போனார். கதவடைப்பு என்று அதற்குப் பெயர். அப்பாவுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது, வேறு எங்கும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆலை திறந்தால் அப்பாவுக்கு வேலை, இல்லையென்றால் இல்லை. எங்கள் வீட்டின் எதிர்காலம் முழுவதும் அந்தப் பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த போர்ஷனில் இருந்த பாயை நான் சாச்சா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவேன். அவரும் அதே ஆலைதான், அப்பாவுக்குப் பக்கத்து லேத். அவருக்கு வீட்டில் உருது, அப்பாவுக்குத் தமிழ். இருவருமாகச் சேர்ந்து ஒரு தெலுங்குப் பேப்பர் வாங்கினார்கள். இருவருக்கும் தெலுங்கு படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். மெட்ராஸிலிருந்து ஒரு நாள் பழசாகி ரயிலில் வரும் தமிழ்ப் பேப்பருக்கு உப்பல் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. எங்கள் பூட்டைப் பற்றி எழுதினால் தெலுங்குப் பேப்பரின் ஐந்தாம் பக்கம்தான் எழுதும். காலேஜில் தெலுங்கு எடுத்திருந்த நான் தினமும் சாயங்காலம் அதை உரக்கப் படிக்க வேண்டும்.

"பேச்சுவார்த்தை தொடங்கியது" என்று வரும். அம்மா அப்பாவின் காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போடுவாள். "பேச்சுவார்த்தை நீடிக்கிறது" என்று வரும். சாச்சா சைக்கிளுக்கு எண்ணெய் விடுவார். "மந்திரி உறுதி" என்று வந்த அன்றைக்கு நான்கூட ஏமாந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கஞ்சியிலேயே அந்தச் சட்டை விறைத்துப்போய் அட்டை மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் ஐந்தாம் பக்கத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு செய்தி. நான் தலைப்பைப் படித்தேன். "ஃபேன்ல ஃபேக்டரீ புனப்பிராரம்பம் வாயிதா."

சாச்சா துள்ளி எழுந்தார். பிராரம்பம் என்றால் தொடக்கம் என்று அவருக்குத் தெரியும். கடைசி வார்த்தையை அவர் உருதுவில் கேட்டுவிட்டார். "வாதா கரே கதே, மியா! வாதா கரே கதே!" என்று அப்பாவைக் கட்டிக்கொண்டார். வாதா என்றால் அவர் பாஷையில் வாக்குறுதி. திறப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

தெலுங்கில் வாயிதா என்றால் தள்ளிவைப்பு. தமிழில் கோர்ட்டுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் வாய்தா என்றால் என்னவென்று தெரியும். எல்லாம் ஒரே வார்த்தைதான், டெல்லியிலிருந்து தெற்கே வர வர வாக்குறுதி தள்ளிவைப்பாக மாறிவிட்டது. யாரோ அனுபவப்பட்டவன்தான் மாற்றியிருப்பான்.

"சாச்சா, அது வந்து..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நக்கோடி," என்று ஹைதராபாத் பாஷையில் வேண்டாமென்று தடுத்தார் அப்பா, என்னைப் பார்க்காமலேயே. "உள்ள போய் டீ போடச் சொல்லு."

அம்மாவுக்கு விஷயம் எட்டியதும் வழக்கம்போலக் கிளம்பிவிட்டாள். இனிமேல் மத்தியானம் இவர் வீட்டில் இருக்கமாட்டார், நிம்மதியாகக் கொஞ்சம் தூங்கலாம் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் பேப்பரைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் இருவரும் காக்கி போட்டுக்கொண்டு, டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு, சைக்கிளில் போனார்கள். அந்த ஆலை திறக்கவே இல்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. அதை அடியோடு மூடியபோது ஐந்தாம் பக்கத்தில்கூட ஒரு வரி வரவில்லை.

கேட்டில் பூட்டைப் பார்த்ததும் சாச்சா உடனே திரும்பி வந்துவிட்டார். அப்பா வரவில்லை. ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்குத்தான் வந்தார். டப்பா காலியாக இருந்தது. கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். கை கால் கழுவி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலையிலிருந்து வந்த ஆள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வேலூர் கோர்ட்டில் பாகப்பிரிவினைக் கேசுக்காக வருஷக்கணக்கில் அலைந்தவர் இவர். "ஏம்பா, வாய்தான்னா இன்னான்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரியாம இன்னாடி," என்றார். "பாயோட அர்த்தத்துல ஒரு நாளாச்சும் வேலைக்குப் போய்ட்டு வர்லாம்னுதான் போனேன்."