குதிரை மிரளவில்லை

பண்ணை வீட்டுச் சின்னவர் பொய் சொல்கிறார். அன்றைக்குக் குதிரை மிரளவில்லை. மிரண்டது என்று அவர் போலீசில் சொன்னார், கோர்ட்டில் சொன்னார், போன மாதம் தன் பேரன் தொடங்கியிருக்கும் குதிரையேற்றப் பள்ளியின் விழாவில் மைக்கைப் பிடித்தும் சொன்னார். "அந்தக் காலத்துல நமக்கு சரியான ஆள் அமையல. பழக்கத் தெரியாதவன் கையில குடுத்து ஒரு நல்ல குதிரை வீணாப் போச்சு, ஒரு பொம்பள உசுரும் போச்சு" என்றார். கூட்டம் உச்சுக் கொட்டியது. குதிரையை முதலில் சொன்னார், பொம்பளையை அப்புறம் சொன்னார். அந்தப் பொம்பளை என் அக்கா. பழக்கத் தெரியாதவன் என்று அவர் சொன்னது அக்காவின் புருஷனை, என் மச்சானை. இரண்டு பேரும் இப்போது இல்லை. நான் இருக்கிறேன்.

எனக்கு அந்தத் தோல் வார்கள் கண்ணிலேயே நிற்கின்றன. பழுப்பு நிறத்தில் இரண்டு வார்கள். ஒரு முனையில் பித்தளைக் கொக்கி, மறு முனையில் பக்கிளும் வரிசையாகத் துளைகளும். பக்கிள் முனையைச் சேணத்தின் பக்கத்தில் மாட்ட வேண்டும், கொக்கியைக் கடிவாளத்து வளையத்தில் மாட்ட வேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அதற்கு மேல் குதிரை தலையைத் தூக்கவும் முடியாது, மூக்கை நீட்டவும் முடியாது. சின்னவர் அதற்கு இங்கிலீஷில் ஏதோ பேர் சொல்வார். நாங்கள் பக்க வார் என்போம். பெங்களூரிலிருந்து குதிரையோடு சேர்ந்து வந்தது.

பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். ஆட்சி மாறியிருந்தது. சின்னவரும் கரைவேட்டி கட்டத் தொடங்கியிருந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்று அவர் அப்பா, பெரிய பண்ணை, நிலத்தையெல்லாம் மாமன் பேரிலும் மச்சினன் பேரிலும் செத்தவன் பேரிலும் எழுதி வைத்திருந்தார். "கொட்டில் நாய் பேருல ஒரு மா நிலம் இருக்கும், விசாரிச்சுப் பாரு" என்று அக்கா சொல்வாள். இன்னொரு பக்கம் கூலி உயர்வு கேட்டுச் சங்கம் செங்கொடி நட்டிருந்தது. வரப்பில் ஜீப் போகாது. வயலை மேற்பார்வை பார்க்கக் குதிரை வேண்டும் என்று சின்னவர் ஆசைப்பட்டார். பட்டணத்துக் காலேஜில் படிக்கும்போது சவாரி பழகியவர். அப்படித்தான் செவலை வந்தாள். செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை, எதைப் பார்த்தாலும் காதை விடைக்கிற பயந்தாங்கொள்ளி.

என் மச்சான் குதிரைக்காரர் இல்லை. பண்ணையில் மாட்டு வண்டி ஓட்டியவர். நானும் அதே கொட்டிலில்தான் வேலை பார்த்தேன். மாட்டைப் பார்ப்பவன் குதிரையையும் பார்ப்பான் என்று எங்களிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் மச்சான் செவலையின் பின்னால் போய் நின்றார், உதை வாங்கினார், வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டார். அக்கா எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "மாடு முட்டும்னு முன்னால நிக்க மாட்டீங்க, குதிரை உதைக்கும்னு பின்னால நிக்க மாட்டீங்க. இனிமே பண்ணையில பக்கவாட்டு வேலையா பாத்துக் கேளுங்க" என்றாள். வலியோடு மச்சானும் சிரித்தார்.

பழக்கச் சொல்லிக் கொடுத்தது சின்னவர். இதை நான் மறைக்க மாட்டேன். அந்த வேலை அவருக்கு நன்றாகத் தெரியும். என் கோபமே அதுதான். அறுவடை முடிந்த பிறகு, தெருவுக்கு மேற்கே இருந்த திடலில், மேடு பள்ளம் இல்லாத தரையாகப் பார்த்து நீளக் கயிற்றில் செவலையை வட்டமாக நடக்க விடுவோம். மச்சான் நடுவில் கயிற்றோடு நிற்பார். நான் பின்னால் மூங்கில் கழியோடு நடப்பேன், அடிக்க அல்ல, நின்றுவிடாமல் பார்க்க. பக்க வாரை முதலில் நீளமாகத்தான் விட வேண்டும் என்றார் சின்னவர். குதிரை தானாக மூக்கை இறக்கி, முதுகைத் தளர்த்தி, வாரை லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் அடுத்த துளை. "வழி காட்டத்தான்டா வாரு, கட்டிப் போடறதுக்கு இல்ல" என்பார்.

இன்னொன்றும் சொன்னார். நானும் மச்சானும் பக்கத்தில் நிற்கும்போது சொன்னார். "மேல ஆள் ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டையும் கழட்டிடணும். வெளியில கொண்டுபோகவே கூடாது. கால் வழுக்கினா குதிரை கழுத்த நீட்டித்தான்டா சமாளிக்கும். இது மாட்டியிருந்தா நீட்ட முடியாது. அப்படியே சாயும். கீழ எவன் இருந்தாலும் போய்ச் சேந்தான்."

மச்சான் அதை வேத வாக்காகப் பிடித்துக்கொண்டார். சேணத்தில் யாரும் கை வைக்கும் முன்பே வார் இரண்டையும் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் பெரிய பண்ணை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். செவலை மூக்கை முன்னால் விட்டு அழகாக நடந்துகொண்டிருந்தாள். "என்னடா இது, வெள்ளாடு தழையத் தேடுற மாதிரி போவுது. நம்ம கோயில் குதிரை வாகனத்தப் பாத்ததில்ல? தாடை நெஞ்சுல படணும்டா. அப்பத்தான் பாக்கறவனுக்கு பயம் வரும்" என்றார். சின்னவர் சிரித்தார். "அது மரக்குதிரைப்பா" என்றார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் போய்விட்டது. மறுநாளிலிருந்து அவரே வாரைத் துளை துளையாக இறுக்கி மாட்டினார். அவர் தலை மறைந்ததும் மச்சான் தளர்த்திவிடுவார். செவலையின் வாய் ஓரம் புண்ணாகிப் போனது. அக்கா புல்லுக்கட்டை இறக்கிவிட்டு நல்லெண்ணெய் தொட்டு வைப்பாள். "மரத்துல செஞ்சத மனுசன் கும்பிடலாம். உசுரோட இருக்கறது எதுக்குடி அது மாதிரி நிக்கணும்?" என்று குதிரையிடமே கேட்பாள்.

துணி படபடத்தால் செவலைக்கு ஆகாது. ஊர் முழுக்கக் கொடி பறக்கிற காலம். மச்சான் ஒரு யோசனை செய்தார். அக்காவின் பழைய சிவப்புச் சேலையை மூங்கிலில் கட்டித் திடலில் நட்டார். அதன் அடியில் வெல்லம் வைத்தார். "சேலைய குதிரைக்குக் குடுத்தாச்சு, அடுத்து தாலியக் கேப்பீங்களா?" என்று அக்கா சண்டை போட்டாள். பிறகு அவளே சேலைக்குப் பக்கத்தில் நின்று உள்ளங்கையில் வெல்லத்தை நீட்டினாள். முதலில் ஓடினாள் செவலை. பிறகு சுற்றி வந்தாள். பிறகு நேராக வந்து அக்காவின் கையில் மூக்கை வைத்தாள். சங்கத்து ஆட்கள் வேலியோரம் நின்று, "செங்கொடியப் பாத்து ஓடி வருது. உங்க குதிரைக்கு ஒரு கார்டு போட்டுடலாமா?" என்று கிண்டல் செய்தார்கள். மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை.

குறுவை நடவு வந்தது. கூலியில் முடிவு ஏற்படவில்லை. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. எங்கள் தெருப் பெண்கள் விடிந்ததும் வாய்க்கால் கரையில் போய் வழியை மறித்து நின்றார்கள். அக்காவும் போனாள். "நீங்க குதிரையப் பாருங்க, நான் கூலியப் பாக்கறேன்" என்று மச்சானிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பண்ணை வீட்டு வாசலுக்கு மச்சான் செவலையைச் சேணம் கட்டிக் கொண்டுவந்தார். வார் மாட்டவில்லை. நான் கூடவே இருந்தேன். சின்னவர் வெளியே வந்தார், குதிரையைப் பார்த்தார், உள்ளே போனார், கையில் இரண்டு வார்களோடு வந்தார். "அப்பாகிட்ட சாட்டை இருக்கு, வாங்கிட்டு வா" என்று மச்சானை அனுப்பினார். நான் செவலையின் தலையைப் பிடித்திருந்தேன். அவரே, தன் கையாலேயே, இரண்டு பக்கமும் கடைசித் துளையில் மாட்டினார். செவலையின் தாடை நெஞ்சோடு ஒட்டியது.

"ஐயா, கரை வழுக்குமுங்க" என்றேன்.

"வாய மூடுடா. இன்னைக்கு வாகனம் மாதிரி போகணும்" என்றார்.

சாட்டையோடு மச்சான் திரும்பி வந்தபோது குதிரையின் பின்புறம்தான் தெரிந்தது. நான் குதிரைக்குப் பின்னாலேயே ஓடினேன். ராத்திரி மழையில் கரை குழைந்து கிடந்தது. கழுத்தை வளைத்துக்கொண்டு, நுரை தள்ளிக்கொண்டு, கோயில் வாகனம் உயிர் பெற்று வந்தது போல வந்த குதிரையைப் பார்த்துப் பெண்கள் இரண்டு பக்கமும் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. அவள் ஏன் இறங்க வேண்டும்? அவளுக்கு அந்தக் குதிரையைத் தெரியும். தோளில் கொடியைச் சாய்த்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டி, "வாடி செவலை" என்றாள். செவலை அந்தக் குரலைக் கேட்டு நடையைக் குறைத்தாள், நின்றாள். நின்றாள் என்று சொல்கிறேன். இதுதானா மிரண்ட குதிரை? சின்னவர் குதிகாலால் விலாவில் குத்தினார். தலையைத் தூக்கப் பார்த்தாள், வார் விடவில்லை. பக்கவாட்டில் ஒதுங்கினாள், பின்னங்கால் வழுக்கியது, கழுத்தை நீட்டப் பார்த்தாள், வார் விடவில்லை. அவர் திடலில் சொல்லிக் கொடுத்தபடியே அப்படியே சாய்ந்தாள். அவர் வயல் பக்கம் குதித்துவிட்டார். அக்கா வாய்க்கால் பக்கம் இருந்தாள்.

செவலையால் எழுந்திருக்க முடியவில்லை. எந்தக் குதிரையும் கழுத்தை நீட்டினால்தான் எழும். மச்சான் ஓடி வந்து யாரோ வைத்திருந்த அரிவாளைப் பிடுங்கி இரண்டு வாரையும் அறுத்தார். அடுத்த கணமே செவலை எழுந்து நின்றாள். அக்கா எழவில்லை.

சேணம் கட்டியது யார் என்று போலீஸ் கேட்டது. நான்தான் என்றார் மச்சான். அதை எழுதிக்கொண்டார்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். "நீ சங்கத்து ஆளா?" என்று கேட்டார்கள், எழுதவில்லை. அறுந்த வார்கள் கேசுக்கு வரவே இல்லை. செவலையை விற்றுவிட்டார்கள். சேணம் கட்டியவன்மேல்தான் குற்றம் என்றது கோர்ட், மச்சான் கொஞ்ச காலம் ஜெயிலில் இருந்தார். சங்கமும் ஒன்றும் செய்யவில்லை. அக்காவின் படத்தைத் தட்டியில் கட்டினார்கள். மச்சானைப் பண்ணையின் குதிரைக்காரன் என்று ஒதுக்கினார்கள். படத்தைத் திறந்து வைக்க அவரைக் கூப்பிடக்கூட இல்லை.

நான் பிறகு பஸ் கண்டக்டர் ஆனேன். மச்சானைக் கும்பகோணத்துக்கு என்னோடு கூட்டிவந்தேன். கல்யாண வீட்டில் சாப்பிட உட்காரும்போது, முடிவெட்டிக்கொள்ளும்போது, டீக்கடை பெஞ்சில், எங்கே என்று கிடையாது, என் பக்கம் திரும்பிக் கேட்பார்: "மாப்ளே, அன்னைக்கு எந்தத் துளையில மாட்டினேன்?"

"நீங்க மாட்டவே இல்ல மச்சான். அவருதான் மாட்டுனாரு. நான் தலையப் பிடிச்சிருந்தேன்."

"இல்லடா. கடைசித் துளையில இருந்துச்சு. நான்தானே அறுத்தேன்."

கோர்ட் சொன்னதை அவர் நம்பிவிட்டார். தினமும் மாட்டிய கை, அன்றும் மாட்டியிருக்கும் என்று நினைத்தார். என் பேச்சை, ஆறுதலுக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். மாடியில் சிவப்புச் சேலை காய்ந்தால் அந்தப் பக்கம் போக மாட்டார். "வெல்லம் வச்சுக் கூப்பிட்டது நான்தானடா" என்பார். வெல்லம் வைத்ததால்தான் அது நின்றது மச்சான் என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் என்னிடம் கேட்டதும் துளையைப் பற்றித்தான்.

மைக்கில் சின்னவர் பேசியதைக் கேட்டு வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பள்ளிக்கே போனேன். அதே திடல். கம்பி வேலி போட்டு மணல் கொட்டியிருக்கிறார்கள். தலைக்கவசம் போட்ட ஒரு பெண், பயிற்சியாளராம், ஒரு குதிரையை வட்டத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் வார். நீளமாக, தளர்வாக இருந்தது. மேலே ஆள் ஏறும்போதும் இது இருக்குமா என்று கேட்டேன்.

"ஐயோ, இல்ல தாத்தா. கழட்டிட்டுத்தான் ஏத்துவோம். பெரிய சார் அதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு" என்றாள். அங்கே சின்னவர்தான் பெரிய சார். "ஒரு தடவ மறந்துபோய் மாட்டுனபடியே ஏறப் போனேன். கைத்தடியத் தூக்கிட்டு ஓடி வந்துட்டாரு. ஏறாத, ஏறாதன்னு கத்துறாரு. மூஞ்சியெல்லாம் வேர்வை. அப்புறம் அந்த மரத்தடியில உக்காந்தவருதான், சாயந்தரம் வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. பாவமா இருந்துச்சு."

எனக்குப் பாவமாக இல்லை. அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. எந்த வார், எந்தத் துளை, யார் கை, எல்லாம். அவர் பட வேண்டிய வேதனையில் பெரும்பங்கை என் மச்சான் ஆயுசுக்கும் சுமந்தார்.

சின்னவரே, மன்னிப்பு எனக்கு வேண்டாம். அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் உயிரோடு இல்லை. பழக்கத் தெரியாதவன் என்று ஊர் கேட்கச் சொன்னீர்கள். அதே மேடையில், உங்கள் பேரனையும் அந்தப் பயிற்சிப் பெண்ணையும் எங்கள் தெரு ஆட்களையும் எதிரில் வைத்துக்கொண்டு இதற்கும் பதில் சொல்லுங்கள்: மாட்டியபடி ஏறினால் குதிரை சாயும், கீழே இருப்பவர் சாவார் என்று தெரிந்த நீங்கள், என் மச்சானைச் சாட்டை எடுக்க அனுப்பிவிட்டு, அந்த வாரை எதற்காக மாட்டினீர்கள்?