வீங்காத தோல்

பால்கோவா என்று யாராவது சப்புக்கொட்டினால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வரும். அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், பால்கோவாக் கடைக்குப் பால் ஊற்றும் வீட்டில். எங்கள் வீடு இராஜபாளையம். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. பஞ்சுத் தூசியில் எப்போதும் இருமல். அந்த இருமலைத்தான் பிற்பாடு அக்காவின் தலையில் கட்டினார்கள்.

எண்பதுகளின் பாதியில் அக்கா மகனுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. அவனுக்கு அப்போது மூன்று வயது. முதலில் கொட்டைப்பாக்கு அளவுதான். பிறகு உடைந்து சீழ் வைத்தது. காசநோய்க் கட்டி என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பாலைக் காய்ச்சித்தானே கொடுக்கிறீர்கள் என்று அவர் அக்காவிடம் கேட்டார். அவளுடைய மாமியார் தினமும் காலையில் கறந்த சூட்டோடு பேரனுக்கு ஒரு டம்ளர் கொடுப்பார். "காய்ச்சுனா சத்தெல்லாம் போயிரும்" என்பது அந்த அம்மாளின் சட்டம். காய்ச்சிக் கொடுக்கலாமே என்று அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். அத்தானிடமும் சொன்னாள். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

பச்சைப் பாலில் நோய் வந்திருக்கலாம் என்று டாக்டர் வற்புறுத்தியதால், பேரனுக்குக் கறக்கும் மாட்டைச் சோதித்தார்கள். கால்நடை டாக்டர் அதன் கழுத்துத் தோலில் ஊசி போட்டுவிட்டு, மூன்றாம் நாள் வந்து தடவிப் பார்த்தார். நோய் இருந்தால் அந்த இடம் தடித்து வீங்கும். வீங்கவில்லை. மாடு சுத்தம் என்று சொல்லி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

மாடு சுத்தம் என்றால் அசுத்தம் யார்? மாமியார் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "மில்லுக்காரன் வீட்டு இருமல்தான் எம் பேரன் கழுத்துல வந்து நிக்குது." அப்பா சளியைப் பரிசோதித்து, ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு போய்க் காட்டினார். அதைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட அங்கே ஆளில்லை. அக்காவும் பிள்ளையும் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த கோடையில் அந்த மாடு எலும்பும் தோலுமாகிச் செத்தது. நான் அப்போது கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்த இடத்தில் சேதி கேட்டு ஓடினேன். அதே டாக்டர் மாட்டைத் திறந்தபோது பக்கத்தில் நின்றேன். நுரையீரல் முழுக்கக் கட்டிகள். கத்தி படும்போது மணல்போல் நறநறத்தது. காசநோய்தான்.

"வீங்கலைன்னு சொன்னீங்களே சார்?"

"நோய் ரொம்ப முத்திட்டா உடம்பு எதிர்ப்பே காட்டாதும்மா. தோல் வீங்காது. தெரிஞ்ச விஷயம்தானே."

"அதை அன்னைக்கே இவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்கலையே."

அந்தக் கத்தியைப் பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா அவள் வீட்டில் இருந்திருப்பாள். மாமியாரோ, "செத்த மாட்டு மேல பழியப் போடுதா பாரு" என்று என்னை ஏசினார். அத்தான் கால் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார்.

மாத்திரையில் பிள்ளை தேறினான். கழுத்தில் தழும்பு நின்றுவிட்டது. அக்கா பேண்டேஜ் துணி சுருட்டும் வேலைக்குப் போனாள். நான் ஆராய்ச்சிக்குப் போனேன்.

நோயை எதிர்க்கும் அணுக்கள் அளவுக்கு மீறிப் பாயாமல் இருக்க, அவற்றின் மேலேயே பிரேக் போல ஒரு புரதம் இருக்கிறது. தொண்ணூறுகளில் எலிக்கும் மனிதனுக்கும் அதைக் கண்டுபிடித்து, சோதனைக்கு வேண்டிய மருந்துகளை எல்லாம் விலைக்கு விற்றார்கள். மாட்டுக்குக் கேட்டால் கையை விரித்தார்கள். எலிக்குச் செய்த மருந்தோ மாட்டுப் புரதத்தில் ஒட்டவில்லை. ஊரே பாலைக் குடிக்கிறது, மாட்டுக்கு மட்டும் நாதியில்லை! அதனால் மாட்டின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்தப் புரதத்தை நாங்களே உண்டாக்கினோம். நோய் முத்திய அந்த மாட்டின் தோல் வீங்காததற்கு இந்த பிரேக் இறுகிப்போனதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இருக்கலாம் என்று நினைத்தேன்.

அந்த ஆராய்ச்சிக்கு நடுவே ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது அத்தான் வந்தார். அவருடைய அம்மா படுத்துவிட்டாராம், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். பேச்சுவாக்கில் என் வேலையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

"பாத்தியா! மாட்டு உடம்புக்குள்ள நடந்தது டாக்டருக்கே தெரியல. அப்போ யார் மேலயும் தப்பில்ல" என்றவர், அக்கா பக்கம் திரும்பி, "சரி, கிளம்பு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வருடக்கணக்கில் பாடுபட்டு உண்டாக்கியது இந்த மனுஷன் தப்பித்துக்கொள்ளவா? நான் வாய் திறப்பதற்குள் அக்கா பேசினாள்.

"மாட்டுக்கு என்னவும் நடந்திருக்கட்டும். பாலக் காய்ச்சணும்னு நான் சொன்னேனா, இல்லையா? அத உங்க அம்மாகிட்ட உங்க வாயால ஒரு வாட்டி சொல்லுங்க. இப்பவே வாரேன்."

அத்தான் எழுந்துகொண்டார்.

"வயசானவிய. மனசு சங்கடப்படும்லா" என்றார். பிறகு செருப்பைத் தேடினார்.