இறக்கத்தில் சிவப்புக்குப் போகும் முள்

இந்த ஊரில் இறக்கம் வந்தால் லாரிகள் ஊமையாகிவிடும். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வரும் வழியில் ஒரு மேடு இருக்கிறது. அதன் உச்சிக்கு வந்ததும் டிரைவர் கியரைத் தட்டி நியூட்ரலில் விடுவார். சாவியைத் திருப்பி இஞ்சினை அணைப்பார். அதுவரை கத்திக்கொண்டு வந்த வண்டி சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். டயர் உருளுவதும், பின்னால் கூடைகள் முனகுவதும், வயலில் யாரோ யாரையோ ஏசுவதும் தெளிவாகக் காதில் விழும். முதன்முதலில் அப்படி ஒரு லாரியில் வந்தபோது இஞ்சின் செத்துவிட்டது என்று நினைத்துக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஓட்டிய அந்தோணியண்ணன் சிரித்தார். "என்ன ரங்கூனு, இம்புட்டு பயமா? சும்மா உருள்றதுக்கு எதுக்கப்பு பெட்ரோலு?"

பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து இன்னும் அங்கங்கே ஒண்டிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கும், வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். பூட்டிய கதவைத் திரும்பிப் போய் ஆட்டிப் பார்க்கிற சுபாவம் வேறு. எழுத்தும் அப்படித்தான் முன்னும் பின்னுமாகப் போகும்.

ரங்கூனில் நான் ஓட்டியது சண்டைக்காலத்தில் பட்டாளத்தார் விட்டுப்போன பெட்ரோல் லாரி. அதில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. உள்ளே ஒரு முள், ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. இஞ்சின் காற்றை இழுக்கும் இழுப்பை ஒரு ரப்பர் குழாய் அந்த முள்ளுக்குக் கொண்டுவரும். காலை அழுத்தி மிதித்தால் பெட்ரோல் கொட்டும், முள் சிவப்புக்குச் சரியும். காலைத் தளர்த்தினால் பச்சைக்கு ஏறும். நம்பமாட்டீர்கள், என்னை அடிக்காமல் திட்டாமல் பாடம் சொன்ன ஒரே வாத்தியார் அந்த முள்தான். தூரத்தில் மாட்டுவண்டி தெரிந்தால் இப்போதே காலை எடு என்று சொல்லும். எடுத்த நொடியே பலன் கண்ணில் தெரியும். கொஞ்ச நாளில் கண் சொல்லாமலே கால் கேட்கப் பழகிவிட்டது. பட்டறை வைத்திருந்த கிழட்டுப் பர்மாக்காரர் முள்ளைப் பார்த்துத் தலையாட்டுவார். "பியே பியே, கலா" என்பார். பியே பியே என்றால் மெதுவாக, மெதுவாக. கலா என்பது இந்தியர்களை அவர்கள் இளக்காரமாகக் கூப்பிடும் பேர், நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே வாயால்தான் பிறகு அந்த நாட்டார் எங்களைப் போ என்றும் சொன்னார்கள். லாரியை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தின நாள் அந்தக் கண்ணாடியை மட்டும் கழற்றிப் பழைய கைலியில் சுற்றி வைத்தேன். துறைமுகத்தில் சோதனை போட்டவன் என் மனைவி செல்லம்மாவின் தோட்டைக் கழற்றச் சொன்னான். கைலியைப் பிரித்தான், முள்ளைப் பார்த்தான், குப்பை என்று திருப்பிக் கொடுத்தான். அவள் கப்பலில் வெறும் காதோடு உட்கார்ந்து, "குப்பையை விட்டுட்டான், பாத்தீங்களா" என்றாள்.

திண்டுக்கல்லில் ஒரு கமிஷன் மண்டி முதலாளியிடம் வேலை கிடைத்தது. அவருக்கு இரண்டு பெட்ரோல் லாரிகள். ஒன்று அந்தோணியண்ணனிடம், ஒன்று என்னிடம். மண்டிக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார். வேலை போனால் அறையும் போகும். இதை அவர் சொல்லவில்லை, செல்லம்மா சொன்னாள். நான் முள்ளை மாட்டினேன். முதலாளி குனிந்து பார்த்து, "மணி சரியாக் காட்டுதா?" என்றார். விளக்கினேன். பாதி கேட்டதும், "மிச்சம் பண்ணுனா சரித்தேன்" என்று போய்விட்டார். அவருக்கு அளவு ஒன்றுதான். சாயங்காலம் வண்டி வந்ததும் டாங்கியில் குச்சியை விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்.

சமதளத்தில் என் முள் ஜெயித்தது. ஆனால் இறக்கத்தில் நான் இஞ்சினை அணைப்பதில்லை. பர்மாவில் கலோ பக்கத்து மலைப்பாதையில் இறக்கத்தில் இஞ்சினை அணைப்பவனைப் பார்த்தால் பின்னால் வருகிறவன் தூரமாய் ஒதுங்கிக்கொள்வான். கியரிலேயே வண்டியைப் பிடித்து, காலை எடுத்துவிட்டால் போதும், முள் பச்சையின் கடைசிக்கே போகும். அதைவிட மிச்சம் ஏது என்று நினைத்திருந்தேன். குச்சி வேறு கணக்குச் சொன்னது. எப்போதும் அந்தோணியண்ணன் டாங்கியில் விட்ட குச்சிதான் ஒரு விரல்கடை கூடுதலாக நனைந்திருக்கும்.

"ரங்கூன் முள்ளு தோத்துப்போச்சு டோய்!" என்று மண்டியே கேட்கும்படி கத்துவார். கெட்ட மனிதர் அல்ல. நான் வந்த புதிதில் வெஞ்சனம் இல்லாமல் சோறு தின்பதைப் பார்த்துத் தன் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தவர்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏப்பா, நீயும் அவன் மாதிரி அணைச்சு எறக்கு. ஏலலைன்னா சொல்லிரு, வேற ஆளுக இருக்காக." அந்த முள்ளை அந்தோணியண்ணன் வண்டிக்கு மாற்றவும் சொன்னார். சமதளத்தில் முள், இறக்கத்தில் அணைப்பு, இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க ஆசை அவருக்கு.

மாட்டிக் கொடுத்துவிட்டு முதல் நடைக்கு நானும் கூடப் போனேன். மேட்டின் உச்சியில் அவர் சாவியைத் திருப்பினார். முள் தொப்பென்று சிவப்பில் விழுந்தது.

"ஏலே, இஞ்சினே ஓடல. இது என்னமோ நான் மலை ஏத்துற மாதிரி சிவப்புல படுக்குது? கூறுகெட்ட முள்ளால்ல இருக்கு!"

"அண்ணே, இஞ்சின் நின்னா இழுப்பு இல்ல. அதான் விழுகுது. பிரேக்குக்கு ஒத்தாசை பண்றதும் இதே இழுப்புதாண்ணே. மொத மிதி கேக்கும், ரெண்டாவது மிதி கேக்கும். அப்புறம் கல்லை மிதிச்ச மாதிரி, பிடிக்காது."

"நான் இந்த எறக்கத்துல எம்புட்டு வருசமா எறங்குறேன் தெரியுமா? நீ போயி செத்த நேரம் தூங்கு."

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு முள் பிடித்துப்போயிற்று. கேலி செய்தவரே அதை ஈரத்துணியால் துடைத்து வைத்தார். மிதிக்கும் கால் பூப்போல ஆயிற்று. "இன்னிக்கு ஒத்தப்பட்டி வரைக்கும் சிவப்பே காட்டலடோய்" என்று பச்சைப் புகையிலையை மென்றபடி சொல்வார். ஆனால் மிச்சத்தின் ருசி கண்ட பின் சும்மா இருக்க முடியுமா? உச்சிக்கு முன்னாலேயே அணைக்கத் தொடங்கினார். இறக்கம் என்றே சொல்ல முடியாத சரிவுகளிலும் அணைத்தார். அணைத்த பின் முள் சிவப்பில் கிடப்பதை அவர் பொருட்படுத்தவில்லை. பெட்ரோலைப் பற்றி அது பொய் சொல்கிறது, அவ்வளவுதான் அவருக்கு. பிரேக்கைப் பற்றி அது மெய் சொன்னது. நான் சொன்னேன், இன்னொரு முறையும் சொன்னேன். "பயந்தாங்கொள்ளிக்குப் பர்மாவுலயும் எடமில்ல" என்றார்.

சந்தை நாள். இறக்கத்தின் அடியில் பாலத்துக்கு முன்னால் வெங்காயம் ஏற்றிய மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன. அவர் மிதித்திருக்கிறார், விட்டிருக்கிறார், மறுபடி மிதித்திருக்கிறார். மூன்றாவது மிதி கல். மாடுகளைக் காப்பாற்ற ஸ்டீயரிங்கை ஒடித்தார், லாரி பாலத்துக் கட்டையில் ஏறியது. பின்னால் வந்த நான்தான் கதவை நெம்பி இழுத்தேன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பூப்போல மிதித்த அதே கால்.

முதலாளி சம்பவ இடத்துக்கு வந்தார். குச்சியோடு வந்தார். டாங்கி தப்பித்ததா என்று பார்த்தார். ஈரத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தேன் மிச்சம் பண்ணிருக்கான்" என்றார். அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. குடியிருக்கும் அறை நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தோணியண்ணன் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "முள்ளு தப்பிச்சுதா?"

"கண்ணாடிதான் கீறல், அண்ணே."

"எடுத்துட்டுப் போ. நம்ம ஊருக்கு ஆவாது அது." பிறகு, "நம்ம ஊரும் அதுக்கு ஆவாது" என்றார்.

முள் இப்போது என் வண்டியில் இருக்கிறது. முதலாளியின் உத்தரவு மாறவில்லை, வேறு ஆட்களும் காத்திருக்கிறார்கள். அந்தோணியண்ணன் இடத்துக்கு வந்தவன் உச்சியிலேயே அணைக்கிறான். நானும் அணைக்கிறேன். ஆனால் இறக்கத்தின் பாதியில் ஒரு மைல்கல் உண்டு, அதுவரைதான். மேல்பாதி இந்த ஊருக்கு. மைல்கல்லுக்கு வந்ததும் சாவியைத் திருப்பி, கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விடுவேன். குச்சிக்கும் இது போதவில்லை, என் பயத்துக்கும் போதவில்லை.

கிளச்சை விட்டதும் இஞ்சின் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும். வண்டி குலுங்கும். எதிரே வெயிலில் திண்டுக்கல் மலை நிற்கும், அடியில் பாலம் கிட்டே வந்துகொண்டிருக்கும். பிடித்துவிட்டதா என்று சத்தத்தைக் கேட்பதில்லை நான். கீறல் விழுந்த கண்ணாடிக்குள் சிவப்பில் கிடக்கும் முள்ளையே பார்த்திருப்பேன். "பியே பியே" என்று என் வாய் தானாக முணுமுணுக்கும்.