மருமகன் எழுதிய புரோகிராம்

ஆள் கேட்டால் ஆள் கொடுப்பேன். அதுதான் என் தொழில். சுரங்கத்தில் மண் கொண்டுபோகும் பெல்ட் பக்கம் சேறு அள்ளுவதோ, மின்நிலையத்தில் பாய்லரை நிறுத்திப் பழுது பார்ப்பதோ, காண்டிராக்டில் ஆள் வேண்டும் என்றால் நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில் இருக்கும் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மண்வெட்டியோடு உள்ளே போனேன், மேஸ்திரியானேன், பிறகு காண்டிராக்டரானேன். எங்கள் தெருவில் முதலில் மாடி கட்டியவன் நான்தான். பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர்கள் என்னை "வாங்க, உட்காருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

எனக்கு ஒரே மகள். அவளை எஞ்சினியரிங் படிக்க வைத்தேன். வடக்கே ஒரு வறண்ட காட்டில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அங்கே அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. அவள் புருஷனுக்கும் அங்கேதான் வேலை. ஒரு முறை போய்ப் பார்த்தேன். தொலைநோக்கி என்றால் கண்ணை வைத்துப் பார்க்கும் குழாய் என்று நினைத்துப் போனால், கம்பிவலை அடித்த பிரம்மாண்டமான கிண்ணங்கள் வானத்தைப் பார்த்தபடி தள்ளித் தள்ளி நின்றன. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையை அவை வாங்குமாம். "எங்க ஊரு மண்ணு வெட்டற மெஷினு இத விடப் பெருசு மாப்ள" என்றேன். "பெருசுதாங்க மாமா. ஆனா மொதல்ல அந்த போன அணைச்சிடுங்க. நீங்க பேசினா நட்சத்திரம் பேசறது கேக்காது" என்றார் மருமகன். அவர் அப்படித்தான். சிரிக்காமலேயே கிண்டல் செய்வார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் இறந்துபோனார். மாரடைப்பு. வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்று மகள் சொன்னாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. குழந்தையும் இல்லை. காரியம் முடிந்து மகளை வடக்குத்துக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவளுடைய ஆபீசில், கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்றார்கள். மாடி அறையில் அவளுக்கு மேசை போட்டுக் கொடுத்தேன்.

அப்போது அந்தத் தொலைநோக்கியைப் புதுப்பிக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கிண்ணங்களுக்குப் புதுக் கருவி வரும், முன்னைவிடப் பல மடங்கு அலையை அது வாங்கும், அதற்கு ஏற்ற சாப்ட்வேரையும் எழுத வேண்டும். எந்த வேலையை எப்போது தொடங்குவது, எதற்கு எத்தனை ஆள், நிரந்தரமா காண்டிராக்டா என்று திட்டம் போடும் பொறுப்பை என் மகளிடம் கொடுத்திருந்தார்கள். கேட்டதும் எனக்கு மார்பு நிமிர்ந்தது. நம்ம தொழில்!

ஒரு மத்தியானம் மாடிக்குப் போனேன். கம்ப்யூட்டரில் நீளமும் குட்டையுமாகக் கோடுகள்.

"இன்னா பாப்பா இது, சாயம் போட்ட நூலக் காயவச்ச மாதிரி கலர் கலரா?"

"ஒவ்வொரு கோடும் ஒரு வேலைப்பா. கோடு எவ்ளோ நீளமோ அத்தனை மாசம். பக்கத்துல இருக்கறது ஆளு."

"இந்த வேலைக்கு ரெண்டே ரெண்டு ஆளா? நாலு பேரப் போடு, பாதி நாள்ல முடிஞ்சிடும். ஆளு இல்லன்னா சொல்லு, காலையில வேன்ல ஏத்தி அனுப்பறேன்."

"வேன்ல ஏறி வர்ற ஆளு இல்லப்பா இது. புதுசா ஒருத்தர் வந்தா இங்க இருக்கறதப் புரிஞ்சிக்கவே அரை வருஷம் ஆகும். சொல்லிக் குடுக்கறவங்க வேலையும் நிக்கும்."

"அரை வருஷம் சும்மா நிப்பானா? எங்கிட்ட ஒருத்தன் அரை நாளு நின்னா, நல்லா நில்லு ராசா, மாலை வாங்கியாறேன்னு சொல்லுவேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவர் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். கீழே அடுப்படியில் இருந்த என் வீட்டுக்காரி கரண்டியோடு மாடிப்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டுப் போனாள்.

அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு வரி மட்டும் வெறுமையாக இருந்தது. கோடும் இல்லை, ஆளும் இல்லை. இது என்ன என்று கேட்டேன்.

அது மருமகன் எழுதிய புரோகிராம். வானத்திலிருந்து வரும் ஒரே அலை எல்லாக் கிண்ணத்தையும் ஒரே சமயத்தில் தொடாது. ஒன்றுக்கு முந்தி வரும், ஒன்றுக்குப் பிந்தி வரும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பது அவருடைய புரோகிராம். அவர் அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது. எழுதியவர் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் எது எங்கே இருக்கிறது என்று அவருக்கு அடுத்தபடி தெரிந்தவள் என் மகள் மட்டும்தான்.

இதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, பழையதையே ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் என் மகள் இல்லாமல் அந்த இடமே நடக்காது. இன்னொன்று, அதைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது. அதற்கு ஒரு நிரந்தர வேலையும் சில காண்டிராக்ட் ஆட்களும் வேண்டும், வேலை தெரிந்த எவர் வேண்டுமானாலும் வந்து எழுதலாம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மருமகன் நிரந்தர வேலையில் இருந்தவர். என் மகள் காண்டிராக்ட். வருஷா வருஷம் நீட்டிப்பார்கள். நெய்வேலியில் பிழைத்தவனுக்கு இந்த இரண்டு வார்த்தைக்கும் உள்ள தூரம் தெரியும். பர்மனன்ட் என்றால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, கல்யாணச் சந்தையில் மரியாதை. காண்டிராக்ட் என்றால் அதே சுரங்கம், அதே தூசி, அவ்வளவுதான். ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்தேன் என்று மார் தட்டும் நான், ஒரு ஆளைக்கூடப் பர்மனன்ட் ஆக்கியதில்லை. அது என் கையில் இல்லை. இப்போது என் மகளுக்கு அது அவள் கையிலேயே வந்திருந்தது.

"பழசையே வச்சிக்கலாம்னு எழுதிடு. மாப்ளயோட எடத்த உனக்கே குடுத்திடுவாங்க" என்றேன்.

"அது தாங்காதுப்பா. புதுக் கருவி வந்து கொட்டற அலைய அதால வாங்க முடியாது. கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் எல்லாத்தையும் சேத்து நிறுத்திடும்."

"கொஞ்ச நாள் ஓடினா போதுமே. நீ உள்ள போயிடுவ இல்ல?"

அவள் அந்த வெறும் வரியை விட்டுவிட்டு அடுத்த கோட்டை நீட்டத் தொடங்கினாள்.

எங்கள் பக்கத்தில் வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால், அந்த வீட்டில் ஒருத்தருக்கு வேலை என்று ஒரு வழக்கம் உண்டு. வாரிசு வேலை என்போம். மகனா மனைவியா என்று வீட்டுக்குள் பேசி முடித்து, மற்றவர்கள் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை வேலை பார்த்ததும் அரசாங்கப் பணம் போட்டு நடக்கிற இடம்தானே, அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. டீக்கடையில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன். "எம் பொண்ணுக்கு வாரிசு வேலை ஆவப்போவுது. திட்டம் போடறதே அவதான்."

பேச்சு வளையமாதேவி வரைக்கும் போய்விட்டது. மருமகனுடைய ஊர் அது. அவருடைய அம்மா ஒரு நாள் பஸ் பிடித்து வந்து இறங்கினார். அவருக்கு இன்னொரு மகன் இருக்கிறான், கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சுரங்கத்தில் காண்டிராக்டில் இருக்கிறான். அவனுக்குத்தான் கேட்க வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. பதிலைக்கூட மனசுக்குள் தயார் செய்துவிட்டேன்.

சம்பந்தியம்மா தண்ணீர் குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க கையெழுத்து போடணும் அண்ணே?"

"எதுக்குங்க?"

"மருமவளுக்கு எம் புள்ள வேலை ஆவுதாமே. எனக்கு ஒண்ணும் ஆட்சேபண இல்லன்னு பெத்தவ கையெழுத்து வேணும் இல்ல? சின்னவன்கிட்டயும் சொல்லிட்டேன், அவன் போட்டுக் குடுப்பான். நெலத்துக்குப் போடறதுக்காவ கத்துகினு வந்த கையெழுத்து. இதுக்கும் ஒரு தபா போட்டுட்டுப் போறேன்."

அவருடைய நிலம் சுரங்கத்துக்குப் போனது எனக்குத் தெரியும். கையெழுத்தை அதற்காகத்தான் கற்றுக்கொண்டார் என்பது அன்றுதான் தெரிந்தது. தயார் செய்து வைத்திருந்த பதிலை விட்டுவிட்டு மாடியைப் பார்த்து மகளைக் கூப்பிட்டேன்.

மகள் கீழே இறங்கி வந்து அத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அத்தை, அங்க வாரிசு வேலைன்னு ஒண்ணு இல்ல. அப்பா சும்மா சொல்லிட்டாரு. பேப்பர்ல விளம்பரம் குடுத்து, பரீட்சை வச்சி எடுப்பாங்க."

"அப்டியா?" சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "அப்ப அவன் எடத்துக்கு யாரோ வருவாங்க."

"ஆமாம் அத்தை."

"அவன் எழுதினது?"

"இன்னும் ஓடிட்டுதான் இருக்கு."

"இப்பவா? இந்த நிமிசமா?"

மகள் அவரை மாடிக்கு அழைத்துப் போனாள். நானும் பின்னால் போனேன். கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புச் சதுரத்துக்குள் வெள்ளை எழுத்து வரிவரியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வரி போக அடுத்தது. எனக்கு ஒன்றும் புரியாது, அவருக்கும் புரியாது. அவர் நின்றுகொண்டே பார்த்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"இத நிறுத்தப் போறாங்களா?"

"நான்தான் அத்தை அத எழுதணும். நிறுத்தணும்னு."

"எழுதாம இருந்தா?"

"ஒரு நாள் தப்பா கணக்கு காட்டும். அப்ப யாரு எழுதினதுன்னு கேப்பாங்க. அவரு பேரச் சொல்லுவாங்க."

சம்பந்தியம்மா சேலைத் தலைப்பால் அந்தக் கண்ணாடித் திரையின் ஓரத்தைத் துடைத்தார். எங்கள் ஊர் வீடுகளில் எதைத் தொட்டாலும் பழுப்பு நிலக்கரித் தூசி இருக்கும். "அப்ப நிறுத்திடு கண்ணு" என்றார்.

அந்த வாரத்தில் மகள் அந்த வரியை நிரப்பினாள். புதிதாக எழுத வேண்டும், அதற்கு ஒரு நிரந்தர வேலை. புதியது வந்த பிறகு இரண்டும் கொஞ்ச காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், இரண்டும் ஒரே விடையைச் சொன்னால் பழையதை நிறுத்திவிடலாம். அந்தக் கொஞ்ச காலத்தை மட்டும் அவள் தாராளமாகப் போட்டிருந்தாள். திட்டத்தைப் பற்றி ஆபீஸ் பெரியவர்கள் கம்ப்யூட்டர் வழியாகக் கேள்வி கேட்ட காலையில் நான் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷ் பேச்சு. பாதி புரியவில்லை. முடிந்ததும் அவள் சொன்னாள்: ரெண்டும் சேர்ந்து ஓட இத்தனை மாசம் எதற்கு என்று கேட்டார்களாம். குறைத்துவிட்டார்களாம்.

"சரி, அந்த பர்மனன்ட் வேலைக்கு எப்ப விண்ணப்பம் போடற?" என்று கேட்டேன்.

"போடல."

"ஏன்?"

"அதுக்கு என்ன படிச்சிருக்கணும், என்ன தெரிஞ்சிருக்கணும்னு எழுதினதே நான்தான்பா. நானே கேள்வித்தாள் போட்டு நானே பரீட்சை எழுதறதா?"

கத்தினேன். இந்த ஊரில் அப்படிப் பார்த்தால் ஒருத்தனும் உள்ளே போயிருக்க மாட்டான் என்றேன். உன் புருஷன் இருந்தால் இப்படிப் பேசுவாயா என்றும் கேட்டுவிட்டேன். "அவரு இருந்தா இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டாரு" என்றாள்.

வேறு மாநிலத்துப் பெண் ஒருத்தி அந்த வேலைக்கு வந்தாள். கெட்டிக்காரி என்று மகளே சொன்னாள். தினமும் காலையில் இருவரும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவார்கள். மருமகன் எழுதியதை வரிவரியாக என் மகள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். சில நாள் அந்தப் பெண் ஏதோ கேட்பாள், மகள் பதில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி, கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் காத்திருப்பாள். அதற்காக அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

புதியது வந்தது. இரண்டும் ஒரே விடையைச் சொன்னன. நிறுத்துகிற நாள் வந்தபோது, அதை வளையமாதேவியில் வைத்துச் செய்ய வேண்டும் என்றாள் மகள். எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாமாம். நான் கார் ஓட்டிக்கொண்டு போனேன். சம்பந்தியம்மா வீட்டுக் கொல்லையில் நின்றால் முன்பு நெல் தெரியும். இப்போது சுரங்கத்து மண் மேடு தெரிகிறது.

கட்டிலில் கம்ப்யூட்டரை வைத்தாள். அதே கறுப்புச் சதுரம், அதே வெள்ளை வரிகள். "நீங்க அமுத்தறீங்களா அத்தை?" என்று கேட்டாள். சம்பந்தியம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் செய்வது போல.

"நீயே பண்ணு. நான் பாத்துகினு இருக்கேன்."

மகள் ஏதோ தட்டினாள். இன்னும் நாலைந்து வரி ஏறியது. பிறகு ஏறவில்லை. ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அத்தை."

அந்த மாதத்தோடு மகளுடைய காண்டிராக்டும் முடிகிறது என்பது எனக்குத் தெரியும். சம்பந்தியம்மாவுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று காரிலேயே மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். என் போன் சட்டைப் பையில் அதிர்ந்தது. யாரோ ஆள் கேட்டுத்தான் கூப்பிட்டிருப்பார்கள். நான் எடுக்கவில்லை.

"உல கொதிக்குது" என்று சம்பந்தியம்மா எழுந்தார். "அரிசிய போட்டுட்டு வர்றேன். யாரும் சாப்டாம போவக் கூடாது. அண்ணே, உங்களையும்தான் சொல்றேன்."

உள்ளே முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம் கேட்டது. இடையில் அந்தச் சத்தம் நின்றது, வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது. மகள் கம்ப்யூட்டரை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.